முன் நீளம், பின் நீளம்

— டாக்டர் எழுதிக் கொடுத்த பேப்பரைக் கீழ வைங்க. நாலாவது தடவை படிக்கிறீங்க. படிக்கப் படிக்க எழுத்து மாறிடப் போகுதா?

— இரு நெட்டை, ஒரு நிமிஷம். அதாவது, பதினோரு மணிக்கு நர்ஸ் போன் பண்ணும். அதுக்குள்ள உனக்கு எந்த மருந்துன்னு நாம ஒரு முடிவுக்கு வரணும்.

— தெரியும். டாக்டர் சொல்லும்போது நானும் பக்கத்து நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன்.

— இப்பவே மணி பத்து இருவது.

— அதுக்காகக் கையில கத்திரியைப் பிடிச்சுக்கிட்டு மேலயும் கீழயும் நடந்தா ஆச்சா? கத்திரியை முதல்ல வைங்க. பார்க்கவே எனக்கு மூச்சு முட்டுது.

— வெட்டலாம்னு எடுத்தேன்.

— எதை வெட்ட? அந்த வக்கீலோட கோட்டுத் துணியை நேத்தே வெட்டியாச்சு. மேஜையில ஒரு முழம் துணி கிடையாது.

— சரி, வெச்சுட்டேன். உக்காந்துட்டேன். போதுமா?

— மறுபடி எந்திரிச்சுட்டீங்க.

— இஸ்திரிப் பெட்டி ரொம்பச் சூடாயிடுச்சோன்னு பார்த்தேன்.

— அதைப் போடவே இல்லையே!

— ...சரி. விடு. கேளு. அதாவது, வாரத்துக்கு ஒரு மாத்திரை இருக்கு. அது உன் வயித்துக்கு ஆகாது, நெஞ்செரிச்சல் இழுத்து விட்டுடும்னு டாக்டரே அடிச்சுட்டார். மீதி மூணு. ஒண்ணு, வருஷத்துக்கு ஒரு தடவை நரம்புல ஏத்துற ட்ரிப். அரை மணி நேரம் போய்ப் படுத்துட்டு வந்துடலாம். முதல் தடவை ரெண்டு மூணு நாள் காய்ச்சலா இருக்கலாமாம்.

— அதுதான் எனக்கு. வருஷத்துக்கு ஒரு நாள் படுத்தோமா, வந்தோமான்னு இருக்கும். பேச்சு முடிஞ்சுது.

— முழுசாக் கேளு. அதுக்கு முன்னாடி பல் டாக்டரைப் பார்க்கணும். பிடுங்க வேண்டிய பல் இருந்தா முதல்லயே பிடுங்கிடணும். பின்னாடி பிடுங்கினா தாடை எலும்பு ஆறாமப் போகலாமாம். எப்பயாவது யாரோ ஒருத்தருக்கு.

— அந்த யாரோ ஒருத்தி நான்தான்னு நேத்து உங்க மக வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கா. ஏழு நிமிஷம். "அம்மா, இன்டர்நெட்டைப் பார்த்துப் பயப்படாதே"ன்னு ஆரம்பிச்சு, இன்டர்நெட்ல இருக்கிறது அத்தனையும் சொல்லி முடிச்சா.

— ரெண்டாவது, ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி. அங்க போய்ப் போட்டுக்கணும். ஆனா நாள் தள்ளிப் போகவே கூடாது. பாதியில விட்டா இருக்கிற எலும்பும் பொலபொலன்னு போயிடுமாம்.

— போன வருஷம் மின்சார பில் கட்ட மறந்து மூணு நாள் இருட்டுல உக்காந்திருந்த குடும்பம் நாம. அது வேண்டாம்.

— மூணாவது, தினமும் ஊசி. வீட்டுலயே போட்டுக்கலாம். பேனா மாதிரி இருக்கும், ஃபிரிட்ஜ்ல வைக்கணும். ரெண்டு வருஷம். மத்த ரெண்டும் இருக்கிற எலும்பைக் காக்குமாம். இது ஒண்ணுதான் புதுசாக் கட்டுமாம். ரெண்டு வருஷம் முடிஞ்சதும் காக்குற மருந்துக்கு மாறிடணும், இல்லன்னா கட்டினதெல்லாம் கரைஞ்சுடும்.

— தினமும் ஊசியா? நான் என்ன நீங்க பட்டனுக்குக் காஜா எடுக்கிற துணியா?

— நெட்டை, விளையாடாத. எனக்கென்னமோ அதுதான் சரின்னு படுது.

— நேத்து சாயங்காலம் ட்ரிப்புன்னீங்க. ராத்திரி சாப்பிடும்போது ஆறு மாச ஊசின்னீங்க. காலையில பல் தேய்ச்சுட்டு வந்து தினம் ஊசின்னீங்க. எனக்கு வந்திருக்கிறது எலும்பு நோவு. உங்களுக்கு வந்திருக்கிறது என்ன?

— உனக்கு ஒண்ணுன்னா எனக்கு இருக்காதா?

— இருக்கட்டும், ஆனா ஒரு இடத்துல இருக்கட்டும். மூணு வாரமா இந்த முதுகு பெல்ட்டைக் கட்டிக்கிட்டு நாற்காலியில பொம்மை மாதிரி உக்காந்திருக்கேன். கழுத்தைத் திருப்ப முடியல. நீங்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கிறதைக் கண்ணாலயே துரத்திக்கிட்டு இருக்கேன்.

— அந்த பாபினை நான் எடுத்துக் கொடுத்திருக்கணும்.

— திரும்ப ஆரம்பிச்சுட்டீங்களா? மெஷின்ல இருந்து நூல் சுத்துன பாபின் கீழ விழுந்துச்சு, குனிஞ்சு எடுத்தேன். முதுகுல காய்ஞ்ச குச்சி ஒடிஞ்ச மாதிரி ஒரு சத்தம். கட்டை விரல் அளவு பாபின். அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?

— மெஷினுக்குக் கீழ ஒரு டப்பா வெச்சிருந்தா அதுலயே விழுந்திருக்கும்.

— டப்பா வெச்சிருந்தா டப்பாவை எடுக்கக் குனிஞ்சிருப்பேன். எனக்கு மண்டையில ஏறாத விஷயம் அது இல்ல. இது புது முறிவு, சரி. பழசா ரெண்டு இருக்குன்னாரே டாக்டர்! எனக்கே தெரியாம என் முதுகுல ரெண்டு எலும்பு நசுங்கிக் கிடக்குதாம். அது எப்படிங்க?

— முதுகு வலிக்குதுன்னு சொன்னியே. தைலம் தேய்ச்சு விட்டேனே.

— மெஷின்ல உக்காந்து தைக்கிறவளுக்கு முதுகு வலிக்கலன்னாத்தான் அதிசயம். அதை யாரு பெருசா எடுத்துக்கிட்டா? அப்புறம் அந்தச் சுவத்துல ஒட்டியிருந்த கோல்ல நிக்க வெச்சு அளந்தாரே. அஞ்சடி நாலாம்! எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "உங்க கோல் தப்பு டாக்டர், நாங்க டேப் வெச்சுப் பிழைக்கிறவங்க, நான் அஞ்சடி ஏழு"ன்னேன்.

— அவர் சிரிக்கல.

— சிரிக்கல. மூணு இஞ்ச் எங்க போச்சுன்னு என்னையே கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல? வர்ற வழியில எங்கயோ விழுந்திருக்கும்னா?

— மணி பத்தரை.

— அப்புறம் இன்னொண்ணு கேட்டாரே. துணி பொருந்தாமப் போயிருக்குமே, அடி மடிப்பு தரையில இழுத்திருக்குமே, முன்பக்கம் தொளதொளன்னு நின்னிருக்குமே, நிறைய பேர் அதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சு வருவாங்கன்னார்.

— ம்.

— எவ்வளவு பெருமையாச் சொன்னேன்! "என் வீட்டுக்காரர் வெட்டித் தைக்கிற துணி டாக்டர். முப்பத்தொரு வருஷம். ஒரு நாள்கூட ஒரு நூல் கூடினதில்ல, குறைஞ்சதில்ல"ன்னு. அவர் என்னை விட்டுட்டு உங்களையே பார்த்தார். கவனிச்சீங்களா?

— வக்கீல் கோட்டுக்கு பட்டன் வந்துடுச்சா?

— வந்து ரெண்டு நாள் ஆச்சு. உங்க சட்டைப் பையிலதான் இருக்கு. பேச்சை மாத்தாதீங்க.

— மாத்தல. ஞாபகம் வந்துச்சு, கேட்டேன்.

— நீங்க டாக்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டீங்க. மருந்து போட்டா போன உயரம் திரும்பி வருமான்னு.

— ...வராதுன்னுட்டார்.

— வராதுன்னதும் வீடு வந்து சேர்ற வரைக்கும் நீங்க என் முகத்தைப் பார்க்கல. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க. நான்தான் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தேன். போனது என் உயரம், என்னைவிட இந்த மனுஷன் இப்படித் தவிக்கிறாரேன்னு.

— அதெல்லாம் எதுக்கு இப்ப? எந்த மருந்துன்னு பேசலாம்.

— அதுக்குத்தான் வர்றேன். அந்த நர்ஸ் போன்ல முதல்ல கேக்கப் போறது என்ன? எப்ப இருந்து உயரம் குறையுது, மெல்ல மெல்லக் குறைஞ்சுதா, மளமளன்னு குறைஞ்சுதா. வேகமாக் குறைஞ்சிருந்தா ஒரு மருந்து, மெல்லன்னா வேற யோசிக்கலாம்னாரே டாக்டர். என் அளவு நோட்டைக் கொண்டாங்க.

— எது?

— என்ன எது? கடையில நாலு நோட்டு இருக்கு. ஆம்பளைங்க நோட்டு, பொம்பளைங்க நோட்டு, ஸ்கூல் நோட்டு. நாலாவது, நீங்க எனக்குன்னு தனியாப் போட்டு வெச்சிருக்கிற நோட்டு. வருஷா வருஷம் என் பிறந்த நாளுக்கு அளவெடுத்து, கணுக்கால் வரைக்கும் ஒரு நீளச் சட்டை தைப்பீங்கல்ல? தேதியோட அதுல இருக்குமே.

— அதா? அது எலி கடிச்சுடுச்சு.

— நேத்து கேட்டதுக்குத் தண்ணி பட்டு ஊறிப் போச்சுன்னீங்க.

— முதல்ல தண்ணி பட்டுச்சு. அப்புறம் எலி கடிச்சுது.

— மாஸ்டர்.

— இப்ப எதுக்கு மாஸ்டர்ங்கிற?

— கோவம் வந்தா நான் அப்படித்தான் கூப்பிடுவேன், உங்களுக்குத் தெரியும். நோட்டு எங்க?

— வேண்டாம் நெட்டை. சும்மா ஒரு கணக்குச் சொல்லிடலாம். ஒரு மூணு வருஷமா இருக்கும்னு சொல்லிட்டாப் போச்சு.

— சும்மா சொல்றதா? வக்கீல் வந்து, மாஸ்டர், மார்பு சும்மா ஒரு நாப்பதுன்னு போட்டுக்கோங்கன்னா நீங்க போடுவீங்களா? ஆளைக் கடையை விட்டே துரத்துவீங்க. இது என் முதுகெலும்பு.

— தேடிப் பார்க்கிறேன்.

— தேட வேண்டாம். காலையில இருந்து எந்த இடத்துலயும் அரை நிமிஷம் தங்காத மனுஷன், அந்தப் பழைய பேட்டர்ன் பேப்பர் பெட்டி மேல மட்டும் போய்ப் போய் உக்கார்றீங்க. எந்திரிங்க.

— இதுல வெறும் பேப்பர்தான் இருக்கு.

— அப்ப நானே வந்து குனிஞ்சு பார்த்துக்கிறேன்.

— ஐயோ, எந்திரிக்காத! குனியாத! நெட்டை, குனியாத, நாற்காலியைப் பிடி. இந்தா. தர்றேன். இந்தா, போதுமா?

— ...ஒரு சொட்டுத் தண்ணி படல. எலி ஓரத்தைக்கூட மோந்து பார்க்கல. கண்ணாடியைக் கொடுங்க.

— நான் படிக்கிறேனே.

— கண்ணாடியைக் கொடுங்க. ம்... பழைய பக்கமெல்லாம் சரியா இருக்கு. முன் நீளம் பதினேழு, பின் நீளம் பதினாறு. தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும் என் அளவு அதேதான், எனக்கே மனப்பாடம். அப்புறம் இங்க, ஏழு வருஷத்துக்கு முன்னாடி, முன் நீளம் பதினாறே முக்கால். பின் நீளம் பதினாறேகால். அடுத்த வருஷம் ரெண்டும் பதினாறரை. அப்புறம்... இது யாரு அளவு?

— உன்னோடதுதான்.

— போன பிறந்த நாளுக்கு முன் நீளம் பதினஞ்சரை. பின் நீளம் பதினேழு. முன்னாடி கட்டை, பின்னாடி நீளம். இது கூன் விழுந்தவளுக்கு வெட்டுற அளவு.

— போதும் நெட்டை, நோட்டைக் கொடு.

— பக்கத்துல வட்டம் போட்டு ஒரு நம்பர் எழுதியிருக்கீங்க. அறுபத்தேழு, அறுபத்தாறரை, அறுபத்தாறு, அறுபத்தஞ்சு. இது என்ன?

— உன் உயரம். இஞ்ச்ல.

— சட்டை தைக்க உச்சந்தலை வரைக்கும் எதுக்கு? நாம யாருக்கும் அதை அளக்க மாட்டோமே. எப்ப அளந்தீங்க?

— ட்ரயல் ரூம்ல கண்ணாடி ஓரத்துல ஒரு மரச் சட்டம் இருக்குல்ல. நீ போட்டுப் பார்த்துட்டு நிக்கும்போது, உன் தலை எங்க வருதுன்னு பென்சில்ல சின்னதா ஒரு கோடு போட்டுப்பேன். நீ போன பிறகு டேப் வெச்சு அளப்பேன்.

— நூல்கண்டு வைக்கிற மேல் தட்டை நாலு விரல் இறக்கி அடிச்சீங்களே. உங்களுக்கு எட்டலன்னு சொன்னீங்க.

— எனக்கு எப்பவும் எட்டினதில்ல. உனக்குத்தான் எட்டாமப் போச்சு. நூல்கண்டு எடுக்க முக்காலியைத் தேட ஆரம்பிச்ச.

— கடைத் துணியெல்லாம் நான் தைப்பேன். என் துணியை மட்டும் என் கையில தர மாட்டீங்க. வெட்டுறதும் நீங்க, தைக்கிறதும் நீங்க. பொண்டாட்டி பிறந்த நாளுக்கு ராஜா மாதிரி தானே தைச்சுத் தர்ற புருஷன் யாருக்கு வாய்க்கும்னு பக்கத்துக் கடைக்காரம்மாகிட்ட எவ்வளவு பீத்தியிருப்பேன்!

— நீ தைச்சா ரெண்டு துண்டையும் சேர்த்துப் பிடிச்சதுமே கண்டுபிடிச்சுடுவ.

— கண்டுபிடிச்சிருப்பேன். வக்கீலுக்கு இடது தோள் இறக்கம். நீங்க உள்ள பஞ்சு பேட் வெச்சுத் தூக்கிடுவீங்க, கோர்ட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. அந்த வேலையை எனக்கும் பண்ணியிருக்கீங்க.

— கழுத்துக்குப் பின்னாடி ரெண்டு மடிப்பு பிடிச்சு காலரை ஏத்தினேன். அடியில வருஷத்துக்கு அரை இஞ்ச் குறைச்சேன். கண்ணாடியில பார்த்தா நேரா நிக்கிற மாதிரியே இருக்கும்.

— எனக்கே தெரியல. என் முதுகு வளையுறது எனக்கே தெரியலயே! ரொம்ப நல்லா வெட்டியிருக்கீங்க மாஸ்டர். ஒரு சட்டையாவது கொஞ்சம் கேவலமா வெட்டியிருக்கக் கூடாதா?

— நெட்டை...

— ஒரே ஒரு சட்டை முன்னாடி தொங்கியிருந்தா, என்னடா இதுன்னு நான் நின்னு பார்த்திருப்பேன். நாலு வருஷத்துக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட போயிருப்பேன். ஒருவேளை இந்த மூணாவது முறிவு வந்திருக்காது. பாபினைக் குனிஞ்சு எடுத்து மாட்டிட்டு, இன்னிக்கு நான் பாட்டுக்குத் தைச்சுக்கிட்டு இருந்திருப்பேன்.

— தெரியும். மூணு வாரமா எனக்கு வேற நினைப்பே இல்ல.

— ஏன் சொல்லல?

— ...வயசானா எல்லாரும் கொஞ்சம் குறையறதுதானேன்னு நினைச்சேன். இது நோவுன்னு தெரியாது. சத்தியமாத் தெரியாது.

— வயசுன்னா வயசுன்னே சொல்லியிருக்கலாமே. எதுக்கு மறைக்கணும்?

— நீ மனசு ஒடைஞ்சு போயிடுவியோன்னு. திட்டு. ஏதாவது சொல்லு.

— என்னத்தைத் திட்ட? இந்தத் தெருவுல எல்லாரும் நெட்டையம்மா கடைன்னுதான் சொல்றாங்க. போர்டுல இருக்கிற பேரு ஒருத்தருக்கும் தெரியாது. அந்தப் பேரு எனக்குப் போயிடக் கூடாதுன்னு பார்த்திருக்கீங்க. வருஷா வருஷம் தனியா உக்காந்து வெட்டி, தைச்சு... ஏங்க, அழாதீங்க. சரி விடுங்க. டாக்டருக்கே படம் எடுத்துப் பார்த்தாத்தான் தெரியுது. நீங்க கத்திரி பிடிக்கிற ஆளு.

— அப்படிச் சொல்லாத.

— பதினோரு மணிக்கு முன்னாடியே போன் அடிக்குது பாருங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, என்னால கையைத் தூக்கிப் பிடிக்க முடியாது.

— ஹலோ?

— வணக்கம், கிளினிக்ல இருந்து நர்ஸ் பேசறேன், சரிங்களா. அம்மா இருக்காங்களா?

— இருக்கேன் சிஸ்டர். என் வீட்டுக்காரரும் இருக்கார்.

— வலி எப்படிம்மா இருக்கு? பெல்ட்டைப் படுக்கும்போது கழட்டுறீங்களா? சரிங்க. உயரம் எப்ப இருந்து குறையுதுன்னு டாக்டர் கேட்டிருந்தாரே, ஏதாவது ஞாபகம் வந்துச்சுங்களா?

— ஞாபகம் எதுக்கு? எழுதியே வெச்சிருக்கார். படிங்க, படிங்க.

— அதாவது சிஸ்டர்... ஏழு வருஷத்துக்கு முன்னாடி அறுபத்தேழு இஞ்ச். அடுத்த வருஷம் அறுபத்தாறரை. அதுக்கடுத்த வருஷம் அறுபத்தாறு. அப்புறம் அறுபத்தஞ்சு.

— இருங்க, எழுதிக்கிறேன். ஒரே வருஷத்துல ஒரு இஞ்ச்சா?

— ஆமா. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அறுபத்தஞ்சேதான். போன பிறந்த நாளைக்கு, அஞ்சு மாசத்துக்கு முன்னாடி, அறுபத்தி நாலு.

— மறுபடி ஒரே வருஷத்துல ஒரு இஞ்ச். எங்க கிளினிக்லகூட யாருக்கும் இவ்வளவு துல்லியமா இருக்காதுங்க. வருஷா வருஷம் அளந்திருக்கீங்க, அப்புறம் ஏன் கூட்டிட்டு வரல?

— எனக்குக் கஷ்டமா இருக்கும்னு மறைச்சுட்டார் சிஸ்டர். எல்லாம் எனக்காகத்தான். நல்ல மனுஷன், ஆனா விவரம் போதாது.

— சரிங்கம்மா. இதை அப்படியே டாக்டர்கிட்ட காட்டிட்டு அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன், சரிங்களா.

— சரி சிஸ்டர். ...ஏங்க, நிக்கிறது போதும், இப்படி வந்து உக்காருங்க. அந்தப் பொண்ணு கேட்டதை மனசுல வெச்சுக்காதீங்க.

— நல்ல மனுஷன்னு சொல்லாத நெட்டை.

— பின்ன கெட்ட மனுஷன்னா சொல்ல முடியும் நர்ஸ்கிட்ட?

— நோட்டைப் பாரு. அறுபத்தஞ்சுக்குக் கீழ மட்டும் ரெண்டு கோடு இழுத்திருக்கேன். ஏன்னு கேளு.

— ஏன்?

— என் உயரம் அறுபத்தஞ்சு.

— ...அதுக்கு?

— நம்ம கல்யாண போட்டோல என்னை ஒரு பலகை மேல ஏத்தி நிக்க வெச்சாங்க. உனக்குச் சிரிப்பு. எனக்கு இல்ல. கடைக்கு வர்றவங்க, மாஸ்டர், ஏணி எங்க போச்சும்பாங்க. பஸ்ல ஒருத்தன், உங்க அக்காவுக்கு இடம் கொடுங்கன்னான். நீயும் போட்டோன்னா முழங்காலை மடக்கி நிப்ப. நீ மடக்குறது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியாது.

— அதெல்லாம் நீங்க ஒரு நாள்கூட சொன்னதில்லையே.

— எதைச் சொல்ல? அப்புறம் உன் தம்பி பொண்ணு கல்யாணத்துல ஒரு போட்டோ எடுத்தாங்க. கல்லாவுக்கு மேல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கேனே, அது.

— நான் அதுல நல்லா இருக்கேன்னு மாட்டினீங்க.

— உன் தோளும் என் தோளும் ஒரே கோட்டுல இருக்கு நெட்டை. பலகை கிடையாது. நீ முழங்காலை மடக்கவும் இல்ல. வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து அந்த ரெண்டு கோட்டை இழுத்தேன். சந்தோஷமா இருந்துச்சு. உன் பக்கத்துல நின்னு ரோட்டுல நடக்க எனக்கு முதல் தடவையா ஆசையா இருந்துச்சு. நீ முதுகு வலிக்குதுன்ன. ஒரு டாக்டரைப் பார்க்கலாமான்னு ரெண்டு தடவை நீயே கேட்ட. நான்தான் தைலம் போதும்னேன். கூட்டிட்டுப் போனா எதையாவது கொடுத்து உன்னை மறுபடி நிமிர்த்தி விட்டுடுவாரோன்னு... அப்படி முழுசா நினைக்கல. ஆனா மனசுல ஒரு ஓரத்துல இருந்துச்சு. இல்லன்னு சொன்னா அது பொய்.

— தண்ணி கொடுங்க.

— இந்தா. மெதுவா. நெட்டை, அந்த போட்டோவைக் கழட்டிடட்டுமா?

— அது அங்கயே இருக்கட்டும்.

— என்னை நீ...

— போன் அடிக்குது.

— அப்புறம் பேசிக்கலாம்னு சொல்லிடட்டுமா?

— போடுங்க ஸ்பீக்கர்ல.

— அம்மா, டாக்டர் பார்த்துட்டார், சரிங்களா. ரெண்டு தடவை ஒரே வருஷத்துல அவ்வளவு குறைஞ்சிருக்கு, இப்ப புது முறிவும் இருக்கு. அதனால முதல்ல எலும்பைக் கட்டுற மருந்து, அந்தத் தினசரி ஊசி, அப்புறம் காக்குற மருந்துன்னு போனா நல்லதுன்னு அபிப்பிராயப்படறார். ஆனா முடிவு உங்களோடதுதாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை ட்ரிப்புன்னாலும் அவர் போட்டுத் தர்றார். என்ன சொல்றீங்க?

— தினசரி ஊசி.

— நல்லதுங்கம்மா. இதுக்கு முன்னாடி ரேடியேஷன் சிகிச்சை ஏதாவது எடுத்திருக்கீங்களா? சிறுநீரகத்துல கல் வந்திருக்கா?

— ரெண்டும் இல்ல.

— சரிங்க. ஒரு ரத்தப் பரிசோதனை மட்டும் முதல்ல எடுத்துடுவோம். முதல் சில நாள் ஊசி போட்டதும் தலை சுத்தலாம், உக்காந்துக்கிட்டே போட்டுக்கோங்க. வயித்துலயோ தொடையிலயோ போடணும். ஒரு நாளும் விடக் கூடாது, சரிங்களா. எப்படிப் போடறதுன்னு வியாழக்கிழமை சொல்லித் தர்றோம். நீங்களே போட்டுக்குவீங்களா, யாராவது கத்துக்கப் போறாங்களா?

— நானே போட்டுக்கலாம். ஊசியோட பிழைக்கிறவ. ஆனா வேண்டாம். என் வீட்டுக்காரர் கத்துக்குவார்.

— ரெண்டு வருஷம் தினமும் போடணும்மா. அவருக்குச் சிரமமா இருக்காதுங்களா?

— இருக்கட்டும். எழுதிக்கோங்க சிஸ்டர்.

— சரிங்கம்மா. வியாழக்கிழமை பத்து மணி. வெச்சுடறேன்.

— நெட்டை.

— அந்த நோட்டை மேல் தட்டுல வைங்க. இனிமே அதுல என் கையால நான் எழுதிக்கிறேன்.

— நான் போடறேன். ஒரு நாள் தப்பாது. எங்க போனாலும் அந்த நேரத்துக்கு வந்துடுவேன். பேனாவை ஃபிரிட்ஜ்ல எந்தத் தட்டுல வைக்கலாம்? நடுத் தட்டுல வைக்கட்டுமா? இல்ல, கதவுல வெச்சா ஆடும்...

— இப்பவே எதுக்குத் தையல் ஊசியை எடுத்து உங்க தொடையில குத்திப் பார்க்கிறீங்க?

— உனக்கு வலிச்சுடுமோன்னு.

— தைரியமாப் போடுங்க மாஸ்டர். போன உயரம் திரும்பி வராதுன்னு டாக்டரே சொல்லிட்டார்ல.